அசையாது நின்றவர்கள்

கமரா என்றதும், ஓடுவதையும் பறப்பதையும் கணப்பொழுதிற் பிடித்துவிடும் கருவி என்றே இன்று எண்ணுகிறோம். பிறந்த காலத்தில் அதற்கு அசைவு தெரியாது. நேயர்களே, 1838ஆம் ஆண்டு லூயி டகேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றை மேல்மாடி யன்னலிலிருந்து படம்பிடித்தார். வண்டிகளும் சனங்களும் நிறைந்த வீதி. படத்திலோ அது வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தமையால் நகர்ந்தவை யாவும் மறைந்து போயின. ஒரு மூலையில் மட்டும் சப்பாத்துத் துடைப்பிக்கக் காலைத் தூக்கி வைத்த ஒருவரும், துடைப்பவரும் தெரிகின்றனர். புகைப்படத்திற் பதிந்த முதல் மனிதர் இவர்களே எனக் கருதப்படுகிறது. இருவரும் யாரென்று தெரியாது.

இந்தக் குறைபாடே புதியதொரு பார்வையைத் தந்தது என்பது என் எண்ணம். அசையாதவற்றைத் தேடிய கண், அன்றாடப் பொருள்களிடம் வந்து தரித்தது. இங்கிலாந்தில் பொக்ஸ் டல்பொட் 1844இல் எடுத்த 'திறந்த கதவு' என்ற படத்தில் இருப்பவை என்ன? ஒரு வாசல், அதிற் சாய்த்து வைத்த விளக்குமாறு, ஒரு லாந்தர், உள்ளே இருள். விளக்குமாற்றையும் போய்ப் படம் எடுப்பார்களா? இக்கேள்வியை எதிர்பார்த்தவர்போல, அன்றாடக் காட்சிகளை வரைந்த ஒல்லாந்த ஓவியர்களைத் தமக்கு ஆதாரம் காட்டுகிறார் டல்பொட். அந்த விளக்குமாறு தற்செயலாக அங்கே கிடந்ததுமன்று. அதே வாசலை அவர் முன்னரும் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் பாடசாலையிற் படித்திருப்பீர்கள். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. நாற்பத்தெட்டு வயதிற் கமராவைக் கையிலெடுத்தவர். கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின் முதலானோரைப் படம்பிடித்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்த அம்மையார் 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் இங்குள்ள தொழிலாளரையும் கிராமத்தவரையும் எடுத்தார்.

அவற்றுள் ஒன்று 1878ஆம் ஆண்டுக்குரிய களுத்துறைப் படம். சிறுமிக்கு 12 வயதென்றும், அருகிலுள்ள கிழவர் தாமே அவளின் தகப்பன், தமக்கு வயது நூறு என்று சொல்வதாகவும் குறிப்பு எழுதியிருக்கிறார். நூறு வயதை அவரும் நம்பினாரோ என்னவோ! ஒளி பதியும்வரை அவர்கள் அசையாது நின்றிருக்க வேண்டும். டெனிசனையும் டார்வினையும் பெயர் சொல்லி அறிகிறோம். இந்தக் குறிப்பில் வயது இருக்கிறது, பெயர் இல்லை. மாணவருக்கு இப்படத்தைக் காட்டும்போதெல்லாம் அவர்கள் முதலிற் கேட்பது அச்சிறுமியின் பெயரைத்தான்.