சுரங்கமும் இல்லமும்: இரேடன் வாயு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீட்டினுள் தேங்கும் இரேடன் வாயு சுவாசப்பைப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மையாகும். மண்ணிலும் பாறையிலுமுள்ள யுரேனியம் சிதைவுறுகையில் இரேடியமும், அதிலிருந்து நிறமும் மணமுமற்ற இவ்வாயுவும் தோன்றுகின்றன. அத்திவாரத்து வெடிப்புகளினூடாக வீட்டினுட் புகும் இதன் சிதைவுப் பொருள்கள் சுவாசப்பையிற் படிந்து அல்பாக் கதிர்களை வெளிவிடுகின்றன. இவ்வறிவு எவருடைய உயிரை விலையாகக் கொண்டு பெறப்பட்டது என்பதே ஈண்டு எழும் வினா.

சக்சனியின் சினீபேர்க் சுரங்கத் தொழிலாளர் நெஞ்சுநோயால் மடிந்தமை 16ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில், மணந்த கணவர் எழுவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர் என 1556இல் வெளிவந்த அகிரிக்கோலாவின் நூல் கூறுகிறது. இது சுவாசப்பையில் எழும் புற்றே என 1879இல் ஹார்ட்டிங், ஹெசே ஆகிய மருத்துவர்கள் காட்டினர். 1925இல் ஜேர்மனி இதனைத் தொழில்வழி நோயாக ஏற்றது.

இங்ஙனமிருந்தும், இரண்டாம் உலகப் போரின் பின் அணுவாயுதங்களுக்காக யுரேனியம் வேண்டப்பட்டபோது, அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலத்தில் நவகோ பழங்குடியினர் உள்ளிட்ட தொழிலாளர் போதிய காற்றோட்டமற்ற சுரங்கங்களில் இறக்கப்பட்டனர். 1950இல் தொடங்கிய அரச சுகாதாரத் துறையின் ஆய்வு அவர்களது உடலைப் பரிசோதித்ததேயன்றி, எதிர்நோக்கிய ஆபத்தை அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை. நட்டஈட்டுச் சட்டம் 1990இலேயே நிறைவேறியது.

1984இன் இறுதியிற் பென்சில்வேனியாவில் அணுமின் நிலைய ஊழியர் ஒருவரைக் கண்டு கதிர் உணர்கருவி ஒலித்தது. அந்நிலையமோ அப்போது மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. கதிருக்கு மூலம் அவரது வீட்டில் நிறைந்திருந்த இரேடன் என்பது பின்னர் புலனாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1988இல், இல்லங்களில் இரேடனைக் குறைப்பதற்கான சட்டம் அந்நாட்டிற் பிறந்தது. வீட்டுரிமையாளரின் அச்சத்திற்கு நான்கு ஆண்டுகள். சுரங்கத் தொழிலாளரின் மரணத்திற்கு நாற்பது ஆண்டுகள். ஒரே வாயுவுக்கு வர்க்கத்துக்கொரு காலக்கணக்கு இருந்தமை மனங்கொளத்தக்கது.

2009இல் உலக சுகாதார நிறுவனம் கனமீற்றருக்கு 100 பெக்கரல் என்பதை இல்லங்களுக்கான உசாவளவாகப் பரிந்துரைத்தது. புகைபிடிப்போருக்கு ஆபத்துப் பன்மடங்காகும் என்பதும் தெளிவாயிற்று. வெடிப்புகளை அடைத்தல், தரையின் கீழுள்ள காற்றை விசிறியால் வெளியேற்றுதல் ஆகியன எளிய பரிகாரங்களே. எனினும், இல்லங்களுக்கான ஆபத்துக் கணிப்புகள் நெடுங்காலம் சுரங்கத் தொழிலாளரின் மரணக் கணக்குகளிலிருந்தே பெறப்பட்டன. இன்று நமது இல்லங்களைக் காக்கும் எண்கள் அவர்களது மூச்சால் எழுதப்பட்டவை.