எல்லை அறிந்தவரும் படம் வரைந்தவரும்

நிலப்படம் என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப்படமே ஆகும். ஆயினும், ஒரு குடும்பத்தின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்யும் படம் அதுவன்று. கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள கிராம வரைபடமும் புலப்படமுமே அத்தகைய ஆற்றல் வாய்ந்தவை. அவை எவ்வாறு தோன்றின, அவற்றில் நம் மக்களுக்கு வாய்த்த இடம் யாது என்பதை இவ்வெள்ளி விழா மலரில் ஆராய்வது பொருத்தமாகும்.

வணிகரும் ஆட்சியாளரும்

நம் மாவட்டத்துப் பழவேற்காடு, ஐரோப்பியர் வரைந்த கடற்கரைப் படங்களில் பண்டே இடம்பெற்ற ஊராகும். டச்சுக்காரர் 1613 ஆம் ஆண்டில் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அவர்களுக்கு வேண்டியவை துறைமுகமும் முகத்துவாரமுமே. உள்நாட்டுச் சிற்றூர்கள் அல்ல. வரைபவர் தமக்குத் தேவையானதையே வரைவர் என்னும் உண்மையை இதனால் அறிகிறோம்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது நிலவரி. ஆர்க்காட்டு நவாபு 1763 இல் அளித்த செங்கல்பட்டு ஜாகீரைத் தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை அளந்தார். இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலமும் வீடுகளும் குடிகளும் அவ்வாய்வில் பதிவாயின. 1794 இல் எட்டு மாணவர்களுடன் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியற் கல்லூரி ஆயிற்று.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து, ஏழரை மைல் அளந்தனர். அக்கோட்டின்மீது முக்கோணங்களை அடுக்கிச் சென்ற அளவைப்பணி பின்னர் இமயம் வரை எட்டியது. அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. அதைத் தோளில் சுமந்து மலையேறியோரின் பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை.

நீர்க்குடம் சுமந்தோர்

அளவைச் சங்கிலி வருமுன் ஊரெல்லையை அறிந்திருந்தவர் யாவர்? எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் இதற்கு விடை தருகிறது. எல்லைத் தகராறு எழுந்தால், பறையர் ஒருவர் தலையில் நீர்க்குடம் ஏந்தி எல்லை வழியே நடந்து காட்டுவார். அவர் நடந்த வழியே எல்லையாக ஏற்கப்பட்டது என்பது அந்நூல் கூறும் வழக்கம். தலைமுறை தலைமுறையாக மண்ணின் எல்லையைக் காலால் அறிந்தவர் நம் முன்னோர். ஆனால் அவ்வறிவு காகிதத்தில் ஏறியபோது, அவர்தம் பெயர் உடன் ஏறவில்லை.

1858 இல் சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை ஏற்பட்டது. 66 அடிச் சங்கிலியால் ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு, எண் பெற்றது. அவ்வெண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயர் எழுதப்பட்டது. உழுதவர் பெயரை அப்பதிவேட்டில் காண்பது அரிது. செங்கல்பட்டு மாவட்டத்திலோ, தரிசு நிலம் கேட்டு நம்மவர் மனுச் செய்தாலும் மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்றது. அம்மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் இந்நிலையை 1891 இல் அறிக்கையாக அரசுக்கு எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010 ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது இதன்வழி வந்ததே. முதற் பத்தாண்டு விற்றலாகாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பன அந்நிலத்துக்குரிய நிபந்தனைகள். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997 இல்தான்; ஆகவே டிரெமென்ஹீர் எழுதிய மாவட்டத்தில் நம் பகுதியும் அடங்கும்.

அந்நிலங்கள் பல இடங்களில் கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கோரிக் காரணையில் எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். புல எண் ஒன்றின் பொருட்டு உயிரும் போகும் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று நாம் செய்யவேண்டுவது

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் நம் வட்டாரத்தில் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. நிலம் எடுக்கப்படுங்கால், அலுவலர் முதலில் பார்ப்பது பதிவேட்டில் உள்ள பெயரையே; பல்லாண்டு உழைத்த கையை அன்று. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் புல எண்கள் மாறின. தாத்தாவின் ஆவணத்தில் உள்ள பழைய எண்ணும் இன்றைய எண்ணும் வேறாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டையும் ஒப்பிட்டறியாதார் தம் நிலத்தைத் தாமே அடையாளம் காட்ட இயலாது.

இன்று செயற்கைக்கோளும் கைப்பேசியும் படம் வரைகின்றன. அ பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசு இணையதளத்தில் எவரும் பார்வையிடலாம். ஆப்பிரிக்காவில் நைரோபி நகரத்துக் கிபேரா குடிசைப் பகுதி நெடுங்காலம் படத்தில் வெற்றிடமாகவே கிடந்தது. 2009 இல் அப்பகுதி இளைஞரே கருவி ஏந்தித் தெருத்தெருவாக நடந்து, பள்ளி, மருத்துவமனை, தண்ணீர்க் குழாய் அனைத்தையும் குறித்தனர். நம் நாட்டிலும் 2021 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகள், இந்தியக் குடிமக்கள் முன் அனுமதியின்றிப் படம் தயாரிக்க வழிவகுத்தன. நம் குடியிருப்புகளுக்கு இடப்பட்ட ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. படத்தில் நம் தெருக்கள் எப்பெயரால் விளங்கவேண்டும் என்பதை நாமே கூடி முடிவு செய்வது நன்று.

ஆதலின், நம் இளைஞர்க்கு மூன்று பணிகள் உள. தம் ஊர்க் கிராம வரைபடத்தின் படி ஒன்றைப் பெறுக. அ பதிவேட்டில் நத்தம், புறம்போக்கு, நிபந்தனை நிலம் எவை எனப் பிரித்தறிக. சுடுகாட்டுப் பாதை, குளம், பொதுக்கிணறு முதலியன படத்தில் உள்ளவாறே மண்ணிலும் உள்ளனவா என நடந்து பார்த்துக் குறித்து வைக்க. மறைந்தது யாதேனும் இருப்பின், 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வினவுக. இவற்றின் படிகளைத் தொகுத்துக் காப்பது நம் கல்விச் சங்கம் இவ்வெள்ளி விழா ஆண்டில் ஏற்கத்தக்க நற்பணியாகும். நீர்க்குடம் ஏந்தி எல்லை காட்டியவரின் பேரப்பிள்ளைகள், இனி அவ்வெல்லையை எழுதவும் படிக்கவும் வல்லவராதல் வேண்டும்.