சொல்லிவிட்டு நிற்பவர்

பதவி உயர்வு வந்த மாதமே என்னைப் பெங்களூரில் ஒரு ஓட்டலுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சி. அதுவரை கோடு எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஏழு பேருக்கு ‘டீம் லீட்’. பயிற்சியில் ஸ்லைடுகள் ஓடின, குழு விளையாட்டுகள் நடந்தன. பிரியாணி நன்றாக இருந்தது. சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் டீமில் இருப்பதிலேயே சின்னப் பையன் என் மேசைக்கு வந்தான். “இதை இன்னிக்கே ரிலீஸ் பண்ணலாமா?” என்று கேட்டான். அவன் கேட்ட விஷயம் எனக்கே சரியாகப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். “பண்ணு, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாம் விழுந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் “யார் அப்ரூவ் பண்ணினது?” என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தக்காளி விவசாயி. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் யுனிவர்சிட்டி சார் ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சொட்டு நீர் போட்ட புதிதில் ஃபில்டர் அடைத்துக்கொண்டதாம். உரம் கலந்த தண்ணீர் ஒரு பக்கம் போகிறது, இன்னொரு பக்கம் போகவில்லை. அந்த சார் வரப்பில் உட்கார்ந்து ஃபில்டரைக் கழற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். சரியாகவில்லை. “எனக்கே இது புதுசுங்க. கேட்டுட்டு நாளைக்கு வர்றேன்” என்று சொல்லியிருக்கிறார்.

“மறுநாள் வந்தாருடா. அதான் விஷயம். சொல்லிட்டுப் போறவன் ஆயிரம் பேரு. சொல்லிட்டு நிக்கிறவன் ஒருத்தன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் வேளாண் விரிவாக்கத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். பல்கலைக்கழகத்திலிருந்து வயலுக்கு வரும் ஊழியரிடம் அதிகாரம் கிடையாது. கடன் தரமாட்டார், அபராதமும் போடமாட்டார். “இப்படிச் செய்யுங்கள்” என்று சொல்லலாம், அவ்வளவுதான். அவரைவிட இருபது வருடம் மூத்த விவசாயி அதைக் கேட்டு ஒரு வருட வாழ்க்கையைப் பணயம் வைக்க வேண்டும். பதவியின் பலமில்லாத தலைமையைப் படிக்க இதைவிடப் பொருத்தமான தொழில் எது?

*

‘விரிவாக்கம்’ என்ற சொல் முதலில் பல்கலைக்கழகத்தைக் குறித்தது. 1873-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியே, தொழில் நகரங்களில் இருந்த சாதாரண மக்களுக்கு விரிவுரைகள் நடத்தத் தொடங்கியது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற இளம் ஆசிரியர் அதற்கு முன்னின்றார். பல்கலைக்கழகத்தை வெளியே ‘நீட்டுவது’ என்ற பொருளில்தான் அந்தப் பெயர் வந்தது.

அது வயலுக்குள் இறங்கியது அமெரிக்காவில். 1903-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டெரல் என்ற ஊரில், சீமன் நாப் என்பவர் வால்டர் போர்ட்டர் என்ற விவசாயியின் நிலத்தில் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். நாப் அப்போது எழுபதை நெருங்கிய முதியவர். அதற்கு முன் அரசே நடத்திய மாதிரிப் பண்ணைகளை விவசாயிகள் நம்பவில்லை. “சர்க்கார் காசு, விளையாம என்ன செய்யும்?” என்பது உலகம் முழுக்க ஒரே மனநிலைதான். அதனால் விவசாயியே தன் நிலத்தில், தன் கையால் பயிர் செய்ய வேண்டும் என்றார் நாப். அதேசமயம், நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு நிதி வைத்தார்கள். அந்த நிதிக்குத் தேவையே வரவில்லை. போர்ட்டருக்கு லாபம் வந்தது. 1914-ல் அமெரிக்காவின் விரிவாக்கச் சட்டம் பிறந்ததில் இந்த வயலுக்குப் பங்கு உண்டு.

முதல் ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் அங்கே ஆலோசனை தொடங்கியது. நூறு வருடம் கழித்துத் தருமபுரியிலும் அதே கேள்வி வரும்.

இந்தியாவில் 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி, கிராம சேவகர்கள் ஊர் ஊராகப் போனார்கள். விதை, சுகாதாரம், பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் ஒரே ஆள் தலையில். எல்லா வேலையும் பார்ப்பவரால் எந்த வேலையிலும் நிற்க முடியவில்லை. இதற்கு மருந்தாக எழுபதுகளில் உலக வங்கி ஒரு முறையைக் கொண்டுவந்தது. டேனியல் பெனோர் என்ற இஸ்ரேலிய நிபுணர் வடிவமைத்த ‘பயிற்சியும் பார்வையிடலும்’, சுருக்கமாக ‘டி அண்ட் வி’. எண்பதுகளில் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

ஒரு மென்பொருள்காரனாக அந்த வடிவமைப்பைப் பார்த்து முதலில் அசந்துதான் போனேன். களப் பணியாளருக்கு விரிவாக்கத்தைத் தவிர வேறு வேலை கிடையாது. அவருடைய பகுதியை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறித்த கிழமையில் பார்க்க வேண்டும். குழுவில் சுமார் பத்தில் ஒருவர் ‘தொடர்பு விவசாயி’. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணியாளருக்கே பயிற்சி. அதில் கேட்ட செய்தியை அடுத்த சுற்றில் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுத்தமான ஆர்க்கிடெக்சர்.

ஆனால் அதில் பணியாளர் தபால்காரர். செய்தி மேலே தயாராகும், அவர் கீழே கொண்டுவருவார். சேலத்துக்குப் பொருந்தும் செய்தி பென்னாகரத்தின் மானாவாரி நிலத்துக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்தாலும் மாற்றும் உரிமை இல்லை. அட்டவணைப்படி போனாரா என்றுதான் பார்த்தார்கள். அவர் கிளம்பிய பிறகு வயலில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. செலவும் கட்டுக்கடங்காமல் போக, தொண்ணூறுகளில் உலக வங்கியே மெல்ல இந்த முறையைக் கைவிட்டது.

படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. நான் அந்த வெள்ளிக்கிழமை செய்ததும் அதுதானே? கேட்டான், சொன்னேன், போனேன்.

*

இன்னொரு பாதையும் இருந்தது. 1974-ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையம் புதுச்சேரியில் தொடங்கியது. நிர்வாகம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம். செய்துபார்த்துக் கற்பதும், அந்தந்த மண்ணில் சோதித்துப் பார்ப்பதும் அந்த மையங்களின் அடிப்படை. தருமபுரி மாவட்டத்தின் மையம் பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. பாப்பாரப்பட்டி என்றால் நம் பாடப்புத்தகத்துக்கு சுப்பிரமணிய சிவா. 1925-ல் அவர் மறைந்த ஊர். தலைவர் என்றதும் நமக்கு அப்படி ஒரு முகம்தான் நினைவுக்கு வருகிறது, மேடையும் சிறையும் முழக்கமும். அதே ஊரில் மண் மாதிரியைப் பையில் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பும் ஒருவரை யாரும் தலைவர் என்று சொல்வதில்லை.

2004-ல் தருமபுரியில் பல்கலைக்கழகம் ஒரு திட்டத்தோடு வந்தது. தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூன்று வருடத்தில் 400 ஹெக்டேர், 7.20 கோடி ரூபாய் மாநில அரசு நிதி. திட்டத்தை முன்னின்று நடத்தியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இ. வடிவேல். உளிக் கலப்பையால் அடிமண் இறுக்கத்தை உடைப்பது, நிழல்வலைக்குள் குழித்தட்டில் நாற்று வளர்ப்பது, சொட்டு நீரிலேயே நீரில் கரையும் உரத்தைக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். இன்று பாலக்கோட்டுப் பக்கம் சாதாரணமாகிவிட்ட இவை அன்று வேற்றுக்கிரகச் சமாச்சாரம்.

விவசாயிகள் வரவில்லை. தொடர்ந்து வருடக்கணக்காக வறட்சியில் அடிபட்டிருந்தார்கள். கிணறு வறண்டவனிடம் போய் இஸ்ரேல் தொழில்நுட்பம் என்றால் என்ன சொல்வான்? சித்தப்பா அப்போது சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது.

டெரலில் வியாபாரிகள் செய்ததை இங்கே அரசு செய்தது. முதல் வருடம் 100 ஹெக்டேருக்கு நூறு சதவீத மானியம். ஒரு ஹெக்டேருக்குச் சொட்டு நீர் அமைக்க 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000. இரண்டாம் வருடம் 200 ஹெக்டேர், மானியம் தொண்ணூறு சதவீதம். மூன்றாம் வருடம் 100 ஹெக்டேர், எண்பது சதவீதம். மானியம் குறையக் குறையக் கூட்டம் குறைய வேண்டும், இல்லையா? நடந்தது தலைகீழ். முதல் நூறு பேரின் விளைச்சலையும் அதற்குக் கிடைத்த விலையையும் பார்த்து, அடுத்தடுத்த வருடங்களில் ஏராளமானோர் பதிவு செய்ய வந்தார்கள். சித்தப்பா இரண்டாம் வருடத்து ஆள். அவர் சேர்ந்தது எந்த அதிகாரி சொல்லியும் அல்ல. பக்கத்துக் காட்டுத் தக்காளியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு சீசன் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

ஸ்டார்ட்அப் உலகில் தினமும் புழங்கும் ‘ஏர்லி அடாப்டர்’ என்ற சொல்லின் வேர் இப்படிப்பட்ட ஒரு வேலியோரத்தில்தான் இருக்கிறது. அயோவா மாநில விவசாயிகள் கலப்பினச் சோளத்துக்கு எப்படி மாறினார்கள் என்று 1943-ல் ஒரு ஆய்வு வந்தது. விற்பனையாளர் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள்கூட அண்டை வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் எழுதிய புத்தகம்தான் அந்தச் சொல்லைப் பரப்பியது. ரோஜர்ஸின் அப்பாவே அயோவா விவசாயி, புது விதையை மறுத்தவர். 1936 வறட்சியில் அவர் சோளம் வாடி நிற்க, பக்கத்து நிலத்துச் சோளம் நிமிர்ந்து நின்றதாம்.

2008-ல் வேளாண் பொருளியலாளர்கள் மூவர் வெளியிட்ட ஆய்வின்படி, தருமபுரியில் துல்லியப் பண்ணையத்தில் தக்காளி மகசூல் 80 சதவீதமும் கத்தரி 34 சதவீதமும் கூடியிருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. சேராதவர்களுக்குப் பெரிய தடை பணமும் கடன் வசதியும். ஆக, இதை வெறும் நல்ல மனிதர்களின் கதையாக எழுதினால் பொய்யாகிவிடும். மானியம் இல்லாமல் அந்த முதல் நூறு பேர் வந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மானியத்தால் ஃபில்டரைக் கழற்ற முடியாது. குழாய் போட்டுக் கொடுத்ததோடு ஆட்கள் கிளம்பியிருந்தால், எத்தனையோ அரசுத் திட்டங்களின் குழாய்களைப் போல இதுவும் மாட்டுத் தொழுவத்தில் சுருண்டு கிடந்திருக்கும். இன்னொரு காரியமும் நடந்தது. விவசாயிகள் துல்லியப் பண்ணையச் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். இடுபொருளை மொத்தமாக வாங்குவது, விற்பனையில் சேர்ந்து பேரம் பேசுவது, அனுபவத்தைப் பகிர்வது அவர்கள் கைக்குப் போனது. சார் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டும் என்றால் அதற்கு அதுதான் வழி.

*

சரி, இப்படி நிற்கவும் பிறகு விலகவும் தெரிந்த ஊழியரை எப்படி உருவாக்குவது?

நான் பார்த்ததில் நேர்மையான விடை இந்தோனேசியாவில் கிடைத்தது. புகையான் பூச்சி நெல்லை அழித்த காலத்தில், 1986-ல் அந்த நாடு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989-ல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு ‘உழவர் வயல்வெளிப் பள்ளி’ தொடங்கியது. நம் ஊருக்கும் பிறகு வந்த முறைதான். அதில் பயிற்றுநர்களுக்கான பயிற்சி இரண்டு நாள் இல்லை, ஒரு முழுப் பருவம். அவர்களே சேற்றில் இறங்கி நெல் நட்டு, பூச்சி எண்ணி, அறுவடை செய்ய வேண்டும். பிறகுதான் விவசாயி முன்னால் நிற்கலாம்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. “இது என்ன பூச்சி?” என்று விவசாயி கேட்டால் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. எங்கே பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை இருந்தன என்று திருப்பிக் கேட்க வேண்டும். விடையை நீட்டினால் ஊழியர் அறிவாளியாகத் தெரிவார். கேள்வி கேட்டால் அடுத்த முறை விவசாயியே கண்டுபிடிப்பார். எனக்கு இது சுருக்கென்று தைத்தது. பதில் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளத்தானே நான் அன்று “பண்ணு” என்றேன்.

பாலக்கோட்டு மார்க்கெட்டில் விலை சரிந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டும் நாட்கள் இன்றும் வருகின்றன. சொட்டு நீர் அதற்கு மருந்தல்ல. அந்த நாளில் தோளில் கை வைத்து நிற்கவும் ஆள் வேண்டும், சங்கத்தைக் கூட்டி அடுத்த பட்டத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பேசவும் ஆள் வேண்டும். அந்த வேலைக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

ஊரிலிருந்து திரும்பிய வாரம் அந்தப் பையனைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். “அன்னிக்கு அப்ரூவ் பண்ணினது நான்தான்னு மேல சொல்லிட்டேன்” என்றேன். கொஞ்ச நேரம் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “லேட்டா சொன்னீங்க” என்றான். ஆமாம், லேட்தான்.

போன வெள்ளிக்கிழமை இன்னொரு ரிலீஸ். அவன் மறுபடி வந்து கேட்டான். அதுவே எனக்குப் பெரிய விஷயம். “இந்தப் பகுதி எனக்குத் தெரியல, வா பாப்போம்” என்றேன். இரண்டு பேரும் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். தருமபுரி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சித்தப்பாவுக்கு போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்றேன்.

“வருவியா?” என்றார்.

“வர்றேன் சித்தப்பா.”