சித்தூர் எல்லையில் ஒரு குடல்நோயின் வரலாறு

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. படாஸ்கர் பரிந்துரையின்படி ஆந்திரத்துக்கும் சென்னைக்கும் இடையே ஊர்கள் கைமாற, சித்தூர் மாவட்டத்தின் எல்லை மறுபடியும் வரையப்பட்டது. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி எழுதும் எவரும் இந்த நாளைக் குறிக்கத் தவறுவதில்லை. அதே காலத்தில், வட ஆர்க்காட்டிலும் அதனை ஒட்டிய சித்தூர்ப் பகுதியிலும், ஊர் ஊராகப் பரவிய வேறொன்றை அரசியல் வரலாறு கண்டுகொள்ளவில்லை. அது வயிற்றுப்போக்கு. 1960 முதல் 1962 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோய்க்கு மருத்துவ இலக்கியத்தில் 'வெப்பமண்டல ஸ்ப்ரூ' என்று பெயர். குடல்நோய்களின் உலக வரலாற்றில் இப்பகுதிக்கு ஓர் இடம் உண்டென்றால் அது இந்த நோயின் பொருட்டே.

இரு மாநிலங்களாகப் பிரிந்திருந்தாலும் நோயாளியின் கண்ணுக்கு இது ஒரே நிலம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்ததே சித்தூர்தான். பிரிந்த பிறகும் நோயாளிகள் போன வழி மாறவில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1960இல்தான். அதுவரை நாட்பட்ட நோயோடு சித்தூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒருவருக்குக் கைக்கெட்டிய பெரிய மருத்துவமனை, ஐடா ஸ்கடர் நிறுவிய வேலூர்க் கிறித்தவ மருத்துவமனையே. வசதியுள்ளவர்கள் சென்னைக்குப் போனார்கள்.

ஸ்ப்ரூவின் தொடக்கம் எந்த வயிற்றுப்போக்கையும் போன்றதே. பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ நின்றுவிடும். சிலருக்கு நிற்பதில்லை. மாதங்கள் கழியும், வெளுத்து, நுரைத்து, அளவில் மிகுந்த மலம் போகும், வயிறு உப்பும், பசி அற்றுப்போகும், உடல் வற்றும். நாக்கு வெந்து காரத்தைத் தொட முடியாமலாகும். காரமின்றிச் சோறில்லாத வட்டாரத்தில் இதுவே பாதிப் பட்டினி. உண்டதைக் குடல் ஏற்காததால் ஃபோலேட் சத்தும் பி12 வைட்டமினும் குறைந்து, இரத்தசோகை பின்தொடரும். உடலின் ஃபோலேட் இருப்பு சில மாதங்களில் தீரும். பி12 இருப்போ ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆகவே எந்தச் சத்து எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, நோய் ஏறத்தாழ எப்போது தொடங்கியது என்பதைக் கணிக்கலாம். வரலாற்று மாணவர்கள் ஓலையையும் கல்லையும் படிப்பதுபோல மருத்துவர்கள் இரத்தத்தைப் படித்தார்கள்.

ஆனால் நோயோடு வாழ்வது இரத்தத்தில் தெரிவதில்லை. கழிப்பறை என்பதே அரிதாயிருந்த ஊர்களில், வெளிக்குப் போவதென்றால் ஏரிக்கரைக்கும் கொல்லைக்கும் நடந்தாக வேண்டும். பெண்களுக்கு விடியுமுன்னும் இருட்டிய பின்னும்தான் அது வாய்க்கும். ஒரு நாளைக்குப் பலமுறை போக வேண்டிய உடம்போடு ஒருத்தி களையெடுக்கப் போவதெப்படி, பேருந்தில் ஏறுவதெப்படி, கல்யாண வீட்டில் பந்தியில் அமர்வதெப்படி? குடல்நோயின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர், மருந்தின் வரலாற்றுக்கு முன் கழிப்பிடத்தின் வரலாற்றைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

நாட்பட்ட வயிற்றுநோய் தமிழுக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் கழிச்சல், கிராணி, குன்மம், சூலை என்று பிரித்துப் பேசியது. இவற்றுள் கிராணி, ஆயுர்வேதத்தின் கிரகணியோடு உறவுடைய சொல். தமிழகம் மிக நன்றாக அறிந்த வயிற்றுநோயாளி திருநாவுக்கரசர்தான். பெரியபுராணம் சொல்வதன்படி, தருமசேனராகச் சமணப் பள்ளியில் இருந்தவரைச் சூலைநோய் பற்ற, அங்கிருந்தோர் செய்த முறைகள் எவையும் பலிக்கவில்லை. அவர் தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்பினார். பின்னர் அவர் சென்று வணங்கிய தலங்களுள் திருக்காளத்தியும் ஒன்று. அது இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அந்தச் சூலை இன்றைய எந்த நோய் என்று தீர்ப்புச் சொல்ல முனைவது வீண்வேலை. கவனிக்கத்தக்கது வேறு: ஒரு பெருஞ்சமயத் திருப்பத்தின் காரணமாக வயிற்றுவலியை வைப்பதில் நம் மரபுக்குக் கூச்சம் இருந்ததில்லை.

'ஸ்ப்ரூ' என்ற பெயரின் வரலாறு முழுக்கக் குடியேற்றத்தின் வரலாறு. 1759இல் பார்படாஸ் தீவின் நோய்களைப் பற்றி எழுதிய வில்லியம் ஹில்லரியின் நூலில் இதன் தெளிவான விவரணை உண்டு. 1880இல் சீனத்தின் அமாய் துறைமுகத்திலிருந்து பேட்ரிக் மேன்சன் இதை எழுதியபோது, ஜாவாவின் டச்சுக்காரர்கள் வாய்ப்புண்ணைக் குறிக்க வழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார். பிறகு வந்த பாடநூல்களுக்கு இது பெரும்பாலும் வெப்பநாட்டில் வாழும் ஐரோப்பியரின் நோய். சிம்லாவுக்குக் கோடையில் ஏறிய வெள்ளையருக்கு வந்த கழிச்சலுக்கு 'மலைக் கழிச்சல்' என்று தனிப்பெயரே இருந்தது. அவர்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சைகளுள் ஒன்று, தாய்நாடு திரும்புதல். உள்ளூர்க்காரருக்கு வந்தால் அது பொதுவான பேதி. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் படைவீரர்கள் திரளாக விழுந்த பின்னரே ஆய்வு வேகம் பிடித்தது. அதற்குள் மருந்தும் கிடைத்திருந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றுக்கு அடங்குவதைக் காட்டினார். 1940களில் அந்தச் சத்து ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டுத் தொகுக்கவும் பட்டது.

இந்நிலையில்தான் வேலூரின் பங்கு தொடங்குகிறது. ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கரும், பின்னாளில் அக்கல்லூரியின் இயக்குநரான வி.ஐ. மாதனும், மின்னணு நுண்ணோக்கியில் குடலை ஆராய்ந்த மின்னி மாதனும் இதில் முதன்மையானவர்கள். அவர்களிடம் ஒரு புதுக் கருவி இருந்தது: 1957இல் வெளிவந்த கிராஸ்பி குளிகை. மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய சிறு உலோகக் குளிகையை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து, வெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் உள்ளே கத்தி சுழன்று சவ்வின் துணுக்கு ஒன்றை வெட்டும். அதுவரை பிணப் பரிசோதனையிலோ அறுவையிலோ மட்டும் காணக் கிடைத்த சிறுகுடற் சவ்வு, உயிரோடிருக்கும் குடியானவரிடமிருந்து நுண்ணோக்கிக்கு வந்தது. இறந்தவரின் குடற்சவ்வு விரைவில் சிதைந்துவிடும் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும்.

ஆயினும் கொள்ளைநோயைக் கண்டறிந்தது குளிகையன்று. ஊர்கள் முழுவதற்கும் குழாய் விழுங்கக் கொடுக்க முடியாது. வீடு வீடாகப் போய், யாருக்கு எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, நின்று மீண்டும் வந்ததா என்று கேட்டுக் குறித்தார்கள். ஒருவர் நோயாளியா அல்லரா என்பதைக் களத்தில் தீர்மானித்தது அவரும் வீட்டாரும் சொன்ன கதையே. ஆய்வகம் அதன் பின்னே வந்தது. பெரியவர்களை இது சிறுவர்களைவிட அதிகம் தாக்கியது, ஒரே ஊரில் அலையலையாக வந்தது என்பன போன்ற அடிப்படைச் செய்திகள் அந்த வாய்மொழியிலிருந்து பிறந்தவை.

வேலூரில் வெளிப்பட்டவற்றுள் ஆழமானது நோயாளிகளைப் பற்றியதே அன்று. ஒப்பீட்டுக்காக நோயற்றவர்களின் குடலையும் பார்த்தார்கள். லண்டன் பாடநூல்கள் காட்டிய குடலுறிஞ்சிகள் விரல்போல நீண்டு மெலிந்தவை. நல்ல உடல்நலத்தோடு உழைத்துக்கொண்டிருந்த தென்னிந்தியர்களிடமோ அவை குட்டையாக, இலைபோல அகன்று இருந்தன. சைலோஸ் என்னும் சர்க்கரையைக் கொடுத்துச் சோதித்தால், நலமுள்ளோர் பலரும் ஐரோப்பிய அளவுகோலில் தேறவில்லை. அப்படியானால் ஊரே நோயாளியா, அல்லது அளவுகோல் வேறு ஊருடையதா? வெளிநாடு சென்று நெடுநாள் வாழ்ந்தவரிடம் இந்த மாற்றங்கள் குறைவதும் பின்னர் பல ஆய்வுகளில் தெரிந்தது. அதாவது, காரணம் பிறப்பன்று. குடிநீரும் சுற்றுப்புறமும் குடலுக்குள் ஓயாது புகும் கிருமிகளுமே. 'இயல்பு' என்ற சொல்லை ஆய்வறிக்கையில் இடுவதற்குமுன் எந்த மண்ணின் இயல்பு என்று கேட்க வேண்டியிருந்தது. மருத்துவத்தில் அரிதாகவே நேரும் அடக்கம் இது.

1962இல் இந்தக் கொள்ளைநோய் இன்னும் ஓயாதிருக்க, ஆக்ஸ்ஃபோர்டில் சௌத்ரியும் ட்ருலவ்வும் 130 நோயாளிகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டனர். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, சோதனைகளில் குறையில்லை. ஆனால் வலியும் கழிச்சலும் மலச்சிக்கலும் ஆண்டுக்கணக்கில் விடுவதில்லை. இதனை அவர்கள் 'எரிச்சலுறு பெருங்குடல்' என்றனர். 'எரிச்சலுறு குடல்' என்ற சொல்லாட்சி 1944இலேயே அமெரிக்காவில் பீட்டர்ஸ், பார்கன் இருவரின் கட்டுரையில் வந்திருந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் ஐ.பி.எஸ். என்று சொல்லப்படுவது அதுவே. (காவல்துறை அதிகாரியின் பட்டத்தோடு இப்பெயர் ஒத்துப்போவதால் நோயாளிகள் கேலிக்கும் ஆளாகிறார்கள் என்பது தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான துயரம்.) ஆக்ஸ்ஃபோர்டு நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், தம் நோய் ஒரு வயிற்றுக்கடுப்பு அல்லது தொற்றுக்குப் பின் தொடங்கியது என்று தேதியிட்டுச் சொன்னார். சித்தூர் எல்லையில் வீடு வீடாகக் கேட்டுக் குறித்த கதையும் இதன் சாயலுடையதே: ஒரு நாள் போக்கு வந்தது, பிறகு வயிறு பழையபடி ஆகவில்லை.

இரண்டும் ஒரே நோய் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ப்ரூவில் சத்து உறிஞ்சப்படாமையை அளந்து காட்டலாம். ஃபோலிக் அமிலமும் பி12உம் டெட்ராசைக்ளினும் கொடுக்கலாம். ஐ.பி.எஸ்.ஸில் அளந்து காட்ட எதுவும் இல்லை என்பதே இலக்கணம். இந்த வேறுபாடு நோயாளியின் மதிப்பில் எவ்வளவு இடைவெளியை உண்டாக்கும் என்பதற்குச் அன்றைய சித்தூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. மதனப்பள்ளிக்கு அருகே 1915இல் திறக்கப்பட்ட ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனைக்குத் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். டேனிஷ் மருத்துவர் ஃபிரிமோட் மெல்லரின் தலைமையில் அங்கே மாதக்கணக்கில் ஓய்வும் உணவும் காற்றும் கிடைத்தன. காசநோய்க்கு நுண்ணோக்கியில் கிருமி இருந்தது, எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது. ஆகவே கட்டடம் எழுந்தது, நன்கொடை வந்தது, நோயாளி படுத்திருப்பதற்கு நியாயம் இருந்தது. கிருமியும் நிழலும் இல்லாத நாட்பட்ட நோய்க்கு யாரும் மலைக்காற்று தேடித் தரவில்லை. அவர்களுக்குக் கிடைத்த சொல் 'மனப்பிரமை'.

ஸ்ப்ரூவுக்கும் ஒற்றைக் கிருமி அகப்படவில்லை. 1975இல் வேலூர்க் குழுவினர், மனித மலத்தில் கொரோனா வைரசை ஒத்த துகள்களைக் கண்டதாக லான்செட் இதழில் எழுதினர். அவை நலமுள்ளோரிடமும் காணப்பட்டதால் குற்றம் நிலைக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் தென்னிந்தியாவில் கொள்ளைநோய் வடிவிலான ஸ்ப்ரூ மறையத் தொடங்கியது. உப்புச்சர்க்கரைக் கரைசல், தாராளமாகப் புழங்கிய நுண்ணுயிர்க்கொல்லி, ஓரளவு மேம்பட்ட குடிநீர் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. வெப்பமண்டல ஸ்ப்ரூவும் தொற்றுக்குப் பின் வரும் ஐ.பி.எஸ்.ஸும் ஒரே நிரலின் இரு முனைகளோ என்ற கேள்வி இந்த நூற்றாண்டில் எழுப்பப்பட்டிருக்கிறது, இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. முன்பு நோயாகக் கருதப்பட்ட குடலின் மிச்சம் இன்று 'ரிப்போர்ட் நார்மல்' என்ற வரியோடு வீடு திரும்புகிறதா என்பது ஆய்வுக்குரியது.

அளவுகோல் யாருடையது என்ற கேள்வியும் தீரவில்லை. 1980களின் இறுதியிலிருந்து ரோம் அளவீடுகள் என்னும் பெயரில் பன்னாட்டு நிபுணர் குழுக்கள் ஐ.பி.எஸ்.ஸுக்கு இலக்கணம் வகுத்துவருகின்றன. வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போனால் மலச்சிக்கல் என்பது மேலைநாட்டு வழக்கம். இந்தியக் குடல்நோயியல் கழகத்தின் பணிக்குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுக்குறை எதுவும் சொல்லாத இந்தியர்களில் ஏறத்தாழ அனைவருமே நாளுக்கு ஒருமுறையாவது போகிறவர்கள். இரண்டு நாள் போகாத ஒருவர் இங்கே துன்பப்படுகிறார். அளவீட்டின்படி அவருக்கு ஒன்றுமில்லை. திருமலையில் தரிசனத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்கும் வரிசையில், வழியில் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்டுவைத்துக்கொள்ளும் பக்தரின் அச்சத்துக்கும் அதில் கட்டமில்லை.

2016இல் வந்த நான்காம் ரோம் அளவீடு, 'அசௌகரியம்' என்ற சொல் மொழிக்கு மொழி மாறுபடுகிறது என்று சொல்லி அதை நீக்கி, 'வலி'யை மட்டும் வைத்துக்கொண்டது. ஆசிய மருத்துவர்கள் பலர் இதை மறுத்தனர். இப்பகுதி நோயாளியும் மருத்துவரிடம் வலி என்று தொடங்குவதில்லை. மந்தமாக இருக்கிறது, உப்புசமாக இருக்கிறது, போனாலும் முழுசாய்ப் போன மாதிரி இல்லை என்பார். இந்த மூன்றில் எதுவும் வலியாகாது.