தோற்றவர் திறந்த வாயில்

தேர்தல் வரலாற்றில் வென்றவர்க்கே இடம் உண்டு. தோற்றவர் பெயர் விரைவில் மறைந்துவிடும். ஆயினும் சில தோல்விகள் வெற்றிகளைவிட நெடுங்காலம் பயன் தருகின்றன. 1926-ஆம் ஆண்டு மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்தியாயா கண்ட தோல்வி அத்தகையது.

அந்நாளில் மங்களூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1917-இல் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென ஒரு பெண்கள் குழு அவரிடம் முறையிட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டமோ அம்முடிவை மாகாணங்களிடமே விட்டுவிட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை மற்ற மாகாணங்களுக்கு முன்னோடியாய் அவ்வுரிமையை வழங்கியது. எனினும் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாகாது என்னும் தடை நீடித்தது. 1926-இல்தான் அத்தடை நீங்கியது.

வாயில் திறந்தது, உள்ளே செல்ல முன்வருபவர் யார்? அயர்லாந்தில் வாக்குரிமைப் போராட்டத்திற்காகச் சிறை சென்று, 1915-இல் இந்தியாவிற்கு வந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் கமலாதேவியைப் போட்டியிடத் தூண்டினார், உறுதுணையாகவும் நின்றார். கட்சி எதனையும் சாராத சுயேச்சை வேட்பாளர் கமலாதேவி. கையிலிருந்ததோ குறுகிய காலம். இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் நின்ற முதற் பெண்மணி என அவர் இன்று போற்றப்படுகிறார்.

இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்றைய வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டது. சொத்தில்லாதவர்க்கு வாக்கில்லை. பெண்களுக்குச் சொத்து ஏது? கமலாதேவியின் தந்தை உயில் எழுதாமலே மறைந்தபோது, அக்காலச் சட்டப்படி உடைமை அனைத்தும் மூத்த தாரத்து மகனைச் சேர்ந்தது. தமக்கெனத் தர முன்வந்த மாதாந்தரத் தொகையைத் தாய் கிரிஜாபாய் ஏற்க மறுத்தார். தாயை வெறுங்கையராய் நிறுத்திய அதே ஏற்பாடுதான், மகள் தேர்தலில் நின்றபோது எண்ணற்ற பெண்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. அவர் வெற்றிபெற வேண்டுமென விரும்பிய பெண்களுள் பெரும்பாலோர் அவருக்கு வாக்களிக்க இயலாதவர்கள்!

முடிவில் மிகச் சில வாக்குகளால் அவர் தோற்றார். வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் ஆண்களாயிருக்க, தோல்வி இத்துணை நெருக்கமாயிருந்தது எதைக் காட்டுகிறது? பெண்ணொருத்தி சட்டம் இயற்றலாம் என ஆண்கள் பலர் அன்றே ஒப்பினர் என்பதையன்றோ?

தேர்தல் வழியே அடைய இயலாத இடத்தை நியமனத்தின் வழியே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடைந்தார். 1927-இல் அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக அவர் அங்கே எழுப்பிய குரல், 1947-இல் சட்டமாயிற்று. கமலாதேவியும் சோர்ந்து ஒதுங்கவில்லை. 1927-இல் தொடங்கிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டைக் கட்டியெழுப்ப உழைத்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுச் சிறை புகுந்தார். விடுதலைக்குப்பின் அகதிகளின் மறுவாழ்வுக்கும் கைத்தொழிலாளர் நலனுக்கும் 1988-இல் மறையும்வரை தம்மை அளித்தார்.

இன்று வாக்களிக்கச் சொத்து வேண்டியதில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் நிறைவேறியது. ஆயினும் ஊராட்சித் தலைவியைக் காணச் செல்லும் நாம், முதலில் அவர் கணவரையன்றோ தேடுகிறோம்? சட்டம் நாற்காலியை அளிக்கலாம். அதில் அமர்ந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது நம் கடமை. தெருவில் ஒரு பெண் வாக்குக் கேட்டு வரும்போது அவர் யார் மனைவி, யார் மகள் என வினவுமுன், அவர் என்ன செய்ய எண்ணுகிறார் என வினவுவோம். மார்கரெட் கசின்ஸ் அன்று அளித்த துணை பணமன்று, பதவியன்று. "உன்னால் இயலும்" என்னும் நம்பிக்கையே. அதனை அளிப்பதற்கு நம்மில் எவரும் வறியவரல்லர்.