இலைச் சாற்றில் ஒரு படிகம்

எண்ணூர்க் கழிமுகப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே 1970 முதல் 2017 வரை ஓர் அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்து வந்தது. அது கக்கிய கரியமில வாயுவில் ஒரு சிறு பங்கையாவது கழிமுகத்து அலையாத்தி மரங்கள் பிடித்து மாவுப்பொருளாக மாற்றியிருக்கும். அப்படிப் பிடிக்கும் வேலையைச் செய்வது இலையின் பசுங்கணிகத்திலுள்ள ஒரு நொதி. ரூபிஸ்கோ என்பது அதன் பெயர்.

உலகுக்கே சோறு போடும் இந்த நொதி ஒரு மந்தமான வேலையாள்! அதன் வினைமையம் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ மூன்று மூலக்கூறுகளைத்தான் கையாளும். போதாக்குறைக்கு, சில சமயம் கரியமில வாயு என்று எண்ணிப் பிராணவாயுவைப் பிடித்துவிடும். ஆகவே தாவரங்கள் அதை மலைமலையாகச் செய்து குவிக்கின்றன.

1947-ல் அமெரிக்காவில் சாம் வைல்டுமன் ஸ்பினாச் என்னும் மேல்நாட்டுக் கீரையிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தார். பின்னர் புகையிலைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாக்கி, உணவாகப் பயன்படுத்தலாமா என்றும் ஆராய்ந்தார். 1979-ல் அவர் ஓய்வுபெற்றபோது டேவிட் ஐசன்பெர்க் என்பவர் ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயரை ஒட்டி வேடிக்கையாகச் சூட்டிய பெயர்தான் ரூபிஸ்கோ.

படிகம் கிடைத்தால் போதுமா? அதன்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறும் புள்ளிகளைக் கணக்கிட்டு, எலெக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்ந்துள்ளன என்று படம் வரைய வேண்டும். அந்த மங்கலான மேகத்துக்குள் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்த வேண்டும். எட்டுப் பெரிய துண்டுகளும் எட்டுச் சிறிய துண்டுகளும் சேர்ந்த ரூபிஸ்கோவில் இது எளிதா? 1980-களின் இறுதியில் ஐசன்பெர்க் குழு புகையிலை நொதியின் வடிவத்தை வெளியிட்டது. ஸ்பினாச் நொதியை ஆராய்ந்த சுவீடனின் பிராண்டன் குழுவோ 1989-ல் மறுப்புத் தெரிவித்தது: புகையிலை நொதியின் சிறிய துண்டில் சங்கிலி போகும் பாதையே தவறு! அவர்கள் சொன்னதே சரி. பிழை பின்னர்த் திருத்தப்பட்டது. திறமைசாலிகளும் இப்படித் தடம் மாறக்கூடும் என்றால், ஒரு வடிவத்தை எப்படி நம்புவது?

அதற்கொரு சோதனை எண்ணூரிலிருந்து சில மைல் தெற்கே, கிண்டியில் பிறந்தது. 1952-ல் பெங்களூரிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கேள்வி மிக எளியது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இணைப்புகளில் திரும்பலாம். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்? முட்டாத கோணங்களைக் கட்டத்தாளில் குறித்தபோது சில சிறு தீவுகளே மிஞ்சின. மற்றதெல்லாம் கடல். மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசினுக்கு மட்டும் சற்றுத் தாராளமான இடம் உண்டு.

இன்று எந்த நாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு நொதியின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அதன் கண்ணிகளை இந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவை தீவுகளுக்குள் விழும். கடலில் விழுந்த புள்ளி எது என்று பார்த்து, அந்தக் கண்ணியை மட்டும் மறுபடி எலெக்ட்ரான் மேகத்தில் தேடுகிறார்கள்.