கடனுக்கு முன்னால் ஒரு கடிதம்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு விதவைக்குத் தையல் மெஷின் வாங்கக் கடன் கொடுத்தேன். அந்த மாத டார்கெட்டில் ஒன்று குறைந்தது என்ற நிம்மதி எனக்கு. மூன்றாவது மாதமே தவணை நின்றுபோனது. நேரில் போய்ப் பார்த்தால் மெஷின் இல்லை. அதை விற்றுத்தான் அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும். விதிப்படி நோட்டீஸ் அனுப்பினேன். பதினைந்து வருஷம் ஆகியும் அதில் போட்ட கையெழுத்து மறக்கவில்லை.

ஜைனப் சல்பியைப் பற்றிப் படித்தபோது அது மறுபடி உறுத்தியது.

சல்பி பாக்தாத்தில் பிறந்தவர். அப்பா சதாம் உசேனின் விமானி. 1990-ல் கல்யாணமாகி அமெரிக்கா போனார். அதே வருஷம் சதாமின் படை குவைத்துக்குள் நுழைய, ஊர் திரும்ப வழியில்லாமல் போனது. அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. பிறகு அம்ஜத் அத்தல்லாவை மணந்தார்.

அது போஸ்னியப் போர்க்காலம். முகாம்களில் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. 1993-ல் இருவரும் தேனிலவுக்கு வைத்திருந்த பணத்தில் குரோஷியா போய் அகதிப் பெண்களைச் சந்தித்தார்கள். 33 பெண்களுக்கான உதவியாக ஆரம்பித்ததுதான் பின்னாளில் 'விமன் ஃபார் விமன் இன்டர்நேஷனல்' ஆனது.

ஏற்பாடு எளிமையானது. எங்கோ இருக்கும் ஒருவர் ஒரு பெண்ணுக்கு ஸ்பான்சர். மாதாமாதம் ஒரு சிறு தொகை, கூடவே ஒரு கடிதம். பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பது அவள் முடிவு. ஒரு வருஷத் திட்டத்தில் உரிமை, உடல்நலம், தொழில், கணக்கு எல்லாம் சொல்லித் தருவார்கள்.

1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அப்பா, கணவன், மகன் எல்லோரையும் ஒன்றாக இழந்த பெண்ணிடம் 'ஜாமீன் யார்?' என்று எந்த வங்கி கேட்கும்?

பி.காம் படித்த எனக்கு இங்கே பிடித்தது வரிசை. முதலில் அடுப்பு எரியவேண்டும். அப்புறம் தொழில், அப்புறம் சேமிப்பு. கடன் கடைசியில்தான். நான் கடனில் ஆரம்பித்தேன். அந்த அம்மாள் அடுப்பில் ஆரம்பித்தார். தப்பு யாருடையது?

இதிலும் குறை உண்டு. காலம் முடிந்தால் பணம் நின்றுவிடும். வாங்க ஆள் இல்லாத ஊரில் தையல் கற்று என்ன செய்வது? ஆனாலும் ருவாண்டா, கொசோவோ, ஆப்கானிஸ்தான், காங்கோ என்று இது பரவியது. 2006-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் கிடைத்தது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2009-ல் போர் முடிந்தபின் இலங்கையின் வடக்கே குடும்பத்தைத் தனியாகச் சுமந்த பெண்களைத் தேடி வந்தது நுண்கடன். வாரத் தவணை, ஏறும் வட்டி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018-ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கவேண்டி வந்தது.

வெளியூரில் சம்பாதிக்கும் நம் வீடுகளில் யாருக்காவது உதவ நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருப்பிக் கேட்காத சிறு தொகையை ஒரு வருஷமாவது தவறாமல் அனுப்புங்கள். கணக்குக் கேட்காதீர்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று.

நான் அந்த அம்மாளுக்கு அனுப்பியது ஒரே ஒரு கடிதம். அது நோட்டீஸ்.